கடைமுகப்புக் கண்ணாடி: ஜன்னல் ஃபேமிலியா, கர்ட்டன் வாலா?

தரைத்தளத்தில் நீளமாக ஒரு கண்ணாடி முகப்பு, நடுவில் கதவு. ரெவிட் என்ற கட்டட வடிவமைப்பு மென்பொருளில் இதை ஜன்னல் ஃபேமிலியாக (அளவை மாற்றிப் பயன்படுத்தும் ஆயத்த மாதிரியாக) சுவரில் பதிக்கலாம். சட்டங்களும் பேனல் எனப்படும் கண்ணாடிப் பலகைகளும் கட்டம் கட்டமாகச் சேர்ந்த கர்ட்டன் வாலாகவும் வரையலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். ஷெட்யூல், அதாவது உறுப்புகளை எண்ணிக் காட்டும் பட்டியல், எடுக்கும்போதுதான் வித்தியாசம் புரியும். எதை எண்ணிக் காட்ட வேண்டும் என்பதை முதலில் தீர்மானித்துவிட்டு அப்புறம் கருவியைத் தொடலாம் என்பது என் கட்சி.

ஜன்னல் ஃபேமிலியாகப் போட்டால் ஜன்னல் ஷெட்யூலில் தானாக வந்து உட்காரும். டேக் (வரைபடத்தில் ஒட்டும் அடையாளக் குறி), சில் உயரம் (தரையிலிருந்து ஜன்னலின் அடிவிளிம்பு வரை), அகலம் எல்லாம் கேட்காமலே கிடைக்கும். ஒரே அளவு முகப்பு பத்து இடத்தில் திரும்பத் திரும்ப வந்தால் இதுதான் சுகம். அகலம் கடைக்குக் கடை மாறினால் கதை வேறு. நடுச்சட்டங்களை அர்ரேயில், அதாவது ஒன்றையே சம இடைவெளியில் அடுக்கும் வசதியில், கட்டியிருப்போம். பழைய ரெவிட் பதிப்புகளில் எண்ணிக்கை இரண்டுக்குக் கீழே போனால் அர்ரே ஒத்துக்கொள்ளாது. அங்கே ஒற்றைச் சட்டத்துக்காகத் தனி ஃபார்முலா எழுதி மல்லுக்கட்ட வேண்டும்.

கர்ட்டன் வாலில் அந்தத் தொல்லை இல்லை. ரெவிட்டோடு வரும் ஸ்டோர்ஃப்ரன்ட் வகையில் கிரிட்டும் (பேனல்களைப் பிரிக்கும் கோடுகள்) மல்லியனும் (அந்தக் கோடுகளில் நிற்கும் சட்டங்கள்) ஏற்கெனவே அமைந்திருக்கும். சுவரின் மேல் வரைந்தால் தானே வெட்டிக்கொண்டு உள்ளே பதியும். கவனிக்க வேண்டியது கிரிட் இடைவெளி. 4.5 மீட்டர் முகப்புக்கு 1.2 மீட்டர் என்று நிலையான இடைவெளி கொடுத்தால் மூன்று முழுப் பேனலும் ஓரத்தில் 0.9 மீட்டர் துண்டும் கிடைக்கும். அதே 1.2-ஐ அதிகபட்ச இடைவெளி என்று கொடுத்தால் நான்கு பேனலும் சமமாக 1.125 மீட்டர். கடைமுகப்புக்குப் பெரும்பாலும் இரண்டாவதுதான் பார்க்க லட்சணமாக இருக்கும்.

கதவில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். சாதாரணக் கதவு ஃபேமிலி கர்ட்டன் வாலில் ஏறாது. பேனலின் விளிம்பில் கர்சரை வைத்து, அந்தப் பேனல் மட்டும் ஒளிரும்வரை டேப் விசையைத் தட்டி, அதைப் பூட்டியிருக்கும் பின் (pin) குறியைக் கழற்றி, அதற்கென்று உள்ள கர்ட்டன் வால் கதவாக வகையை மாற்ற வேண்டும். கதவின் அளவை அந்தக் கிரிட் கட்டமே தீர்மானிக்கும். அதனால் கதவு ஷெட்யூலில் பெயர் வந்தாலும் அகலமும் உயரமும் பல நேரம் காலியாக நிற்கும். ஃபேமிலிக்குள் ரிப்போர்ட்டிங் அளபுரு (அளந்த நீளத்தைத் தானே மதிப்பாகக் காட்டுவது) வைத்தால்தான் சரியாகும். கண்ணாடிகளோ ஜன்னல் ஷெட்யூல் பக்கமே வராது, கர்ட்டன் பேனல் ஷெட்யூலில்தான் தேட வேண்டும். கண்ணாடிப் பரப்பைக் கூட்ட அது தோது. ஜன்னல் எண்ணிக்கை கேட்பவரிடம் நீட்ட உதவாது.

தளங்களைத் தாண்டி, ஸ்லாப் விளிம்புக்கு வெளியே தொங்கும் முகப்பென்றால் யோசிக்கவே வேண்டாம், கர்ட்டன் வால்தான். தளத்துக்கும் மேல்தளத்துக்கும் இடையில் அடங்கும் முகப்புக்குத்தான் இத்தனை விவாதமும்.

ரெவிட்டைப் போன்ற இன்னொரு மென்பொருளான ஆர்க்கிகேட்டில் கர்ட்டன் வால் தனிக் கருவி. 12ஆம் பதிப்பில் வந்தது, 2018-இல் வெளியான 22ஆம் பதிப்பில் புதுப்பித்தார்கள். எடிட் நிலைக்குள் போய்ச் சட்டம், பேனல் என்று தனித்தனியாகத் தொட முடிவதால், டேப் தட்டிப் பேனலைத் தேடும் ரெவிட் முறையைவிட எனக்கு இதுவே பிடிக்கிறது.

ஸ்கெட்ச்அப் என்ற முப்பரிமாண வரைவு மென்பொருளில் ஒரு பேனலைக் காம்போனென்ட் (திரும்பத் திரும்பப் பயன்படுத்தும் தொகுப்பு) ஆக்கி வரிசையாக நகலெடுத்தால் சட்டென்று முகப்பு தயார். வாடிக்கையாளருக்குத் தோற்றம் காட்ட அது போதும். அகலம் மாறினால் மட்டும் பேனல்களைக் கையால் திரும்ப அடுக்க வேண்டும்.