தோட்டத்து மோட்டார் அறையில் ஒரு வாட்ச்டாக்: சில வருட அனுபவம்

எங்கள் தோட்டத்து மோட்டார் அறையில் ராஸ்பெர்ரி பை 4 என்ற உள்ளங்கை அளவு லினக்ஸ் கணினி ஒன்று சில வருடங்களாக ஓடிக்கொண்டிருக்கிறது. கிணற்றின் நீர்மட்டம், மோட்டார் இழுக்கும் கரண்ட், மூன்று ஃபேஸும் வருகிறதா என்பதையெல்லாம் பதிவு செய்து மொபைல் நெட் வழியாக வீட்டுக்கு அனுப்பும். ஆள் இல்லாத இடம். ஹேங் ஆனால் பிளக்கைப் பிடுங்கி மாட்ட யாராவது வண்டி எடுத்துக்கொண்டு போக வேண்டும். அந்த அலைச்சலை ஏறக்குறைய நிறுத்தியது போர்டிலேயே இருக்கும் ஹார்டுவேர் வாட்ச்டாக். தனியாகக் காசு கொடுத்து எதுவும் வாங்கவில்லை.

சிப்புக்குள் ஒரு டைமர் பூஜ்யத்தை நோக்கி எண்ணிக்கொண்டே இருக்கும். பூஜ்யத்தைத் தொடும் முன் சாஃப்ட்வேர் அதைப் புதுப்பித்துவிட வேண்டும். தவறினால் கெர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) எந்த நிலையில் கிடந்தாலும் ரீசெட்தான். இந்தச் சிப்பால் 15 விநாடி சொச்சம் வரைதான் எண்ண முடியும். லினக்ஸில் மற்ற நிரல்களைத் தொடங்கி நிர்வகிக்கும் சிஸ்டம்டியின் அமைப்பில் 60 என்று போட்டால் பழைய கெர்னல்கள் ஏற்காது. நான் 14 வைத்திருக்கிறேன். அதில் பாதி நேரத்துக்கு ஒருமுறை சிஸ்டம்டி டைமரைப் புதுப்பிக்கும்.

இதோடு நிறுத்திக்கொள்பவர்கள்தான் அதிகம். ஆனால் நான் பார்த்த ஹேங்குகளில் கெர்னலே உறைந்துபோனது அபூர்வம். மோடம் பதில் சொல்லாமல் இருக்கும், அளவுகளைப் பதிவு செய்யும் என் பைதான் நிரல் நெட் இணைப்பில் பதிலுக்காகக் காத்துக் கிடக்கும், சிஸ்டம்டி மட்டும் தன் பாட்டுக்கு டைமரைப் புதுப்பித்துக்கொண்டே இருக்கும். வாட்ச்டாக்கைப் பொறுத்தவரை எல்லாம் நலம், நமக்கோ ஒரு பதிவும் வந்திருக்காது. ஆகவே நிரலை எப்படி ஓட்டுவது என்று சிஸ்டம்டிக்குச் சொல்லும் சர்வீஸ் கோப்பிலும் ஒரு வாட்ச்டாக் நேரம் கொடுத்து, நிரலே சிஸ்டம்டிக்கு 'உயிரோடு இருக்கிறேன்' என்று சொல்லும்படி செய்ய வேண்டும். நிரலைச் சிஸ்டம்டி கவனிக்கும், சிஸ்டம்டியைச் சிப் கவனிக்கும்.

அந்தச் செய்தியை எந்த இடத்திலிருந்து அனுப்புகிறோம் என்பதில்தான் முழு விஷயமும் இருக்கிறது. தனி த்ரெட்டில் (நிரலுக்குள் இணையாக ஓடும் கிளையில்) வைத்தால் பயனே இல்லை. மெயின் லூப் செத்துக் கிடந்தாலும் அந்த த்ரெட் நலம் என்று சொல்லிக்கொண்டே இருக்கும். சென்சாரை வாசித்து, அளவு நம்பும்படி இருக்கிறதா என்று பார்த்து, கோப்பில் எழுதி முடித்த பிறகுதான் என் நிரல் செய்தி அனுப்புகிறது. சர்வருக்குப் போய்ச் சேர்ந்ததா என்பதை இதில் சேர்க்கவில்லை. சேர்த்தால், மழை நாளில் டவர் படுத்துவிடும்போது நிரல் சும்மா திரும்பத் திரும்ப ரீஸ்டார்ட் ஆகும். நெட் இல்லாததற்கு ரீஸ்டார்ட் மருந்தல்ல.

மாட்டும் முன் கட்டாயம் சோதித்துப் பாருங்கள். கெர்னலுக்கு நேரடியாகக் கட்டளை கொடுக்கும் சிஸ்ஆர்க்யூ வழியாக அதை வேண்டுமென்றே பேனிக் ஆக்கலாம், அதாவது செயலிழக்க வைக்கலாம். வாட்ச்டாக் இல்லாத பை பொதுவாக அப்படியே கிடக்கும். வாட்ச்டாக் இருந்தால், கால் நிமிடத்துக்குள் பச்சை எல்இடி மறுபடி சிமிட்டத் தொடங்கும். நிரலுக்கும் தனியாக ஒரு ஸ்டாப் சிக்னல் அனுப்பி உறைய வைத்துப் பாருங்கள்.

ரீசெட் ஆகிவிட்டது, சரி, விடு என்று இருக்கக்கூடாது. 1997 ஜூலையில் செவ்வாயில் இறங்கிய நாசாவின் பாத்ஃபைண்டர் விண்கலத்தின் கணினி அடிக்கடி ரீசெட் ஆனது. வானிலை அளக்கும் முன்னுரிமை குறைந்த டாஸ்க் ஒரு லாக்கை (ஒரு நேரத்தில் ஒருவருக்கே கிடைக்கும் பூட்டை) பிடித்திருக்க, தரவுத்தடத்தைக் கவனிக்கும் முன்னுரிமை மிகுந்த பஸ் டாஸ்க் அதற்காகக் காத்து நேரம் தவறியதுதான் காரணம். ரீசெட் விண்கலத்தைக் காப்பாற்றியது. பூமியில் இருந்த அதே மாதிரிக் கணினியில் காரணத்தைத் தேடிப் பிடித்த பிறகே சிக்கல் தீர்ந்தது. நம் ராஸ்பெர்ரி பையிலும் சிஸ்டம்டி எழுதும் ஜர்னல் பதிவுகள் மெமரி கார்டிலேயே தங்கும்படி வைத்தால்தான் ரீசெட்டுக்கு முன் நடந்தது தெரியும்.

இரண்டு இடங்களில் வாட்ச்டாக் உதவாது. என் மோடம் தனி அடாப்டர் உள்ள யுஎஸ்பி ஹப்பில் இருப்பதால், பை ரீசெட் ஆனாலும் அதற்குக் கரண்ட் நிற்காது. அதற்கென ஒரு ரிலே போட்டிருக்கிறேன். அப்புறம், பை 4-இல் பேட்டரியோடு கூடிய கடிகாரம் கிடையாது. ரீசெட்டுக்குப் பின் நெட் வரும்வரை எழுதப்படும் பதிவுகளில் பழைய நேரம் விழும். பட்டன் செல்லோடு டிஎஸ்3231 என்ற கடிகாரச் சிப் ஒன்றை மாட்டியதும் நீர்மட்ட வரைபடம் பின்னோக்கிக் குதிப்பது நின்றது.