கோவிஷீல்டா, கோவேக்சினா: எங்கள் வீட்டில் இரண்டாம் தவணையே தீர்மானித்தது

2021 மார்ச் மாதம் அறுபது வயதைக் கடந்தோருக்குக் கொரோனாத் தடுப்பூசி தொடங்கியபோது, காரைக்குடிக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் வீட்டில் இரு கட்சிகள் உண்டாயின. அப்பச்சிக்கும் ஆத்தாவுக்கும் (என் அப்பா, அம்மா) பின்னர் எனக்கும் கோவிஷீல்டுதான் என்று நான் முடிவு செய்தேன். என் மனைவியோ, வெறிநாய்க்கடி ஊசியைப் போலக் கொல்லப்பட்ட கிருமியைக் கொண்டு செய்யும் பழைய முறைதான் நம்பத் தகுந்தது என்று சொல்லிக் கோவேக்சினைத் தேர்ந்தெடுத்தாள். ஒரே வீட்டில் இரண்டு ஊசிகளும் வந்து சேர்ந்ததால் இவற்றை ஒப்பிட எனக்கு ஓரளவு வாய்ப்புக் கிடைத்தது. நான் எந்தப் பக்கம் சாய்கிறேன் என்பதை மறைக்கப் போவதில்லை.

எல்லோருக்கும் தெரிந்தவற்றை விரைவாகக் கடந்துவிடலாம். கோவிஷீல்டு, ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகமும் அஸ்ட்ராஜெனகாவும் உருவாக்கிப் புனேயின் சீரம் நிறுவனம் தயாரித்தது. சிம்பன்சிக் குரங்கின் சளிக் கிருமி ஒன்றை வாகனமாக்கிக் கொரோனாவின் அடையாளத்தை உடலுக்குக் காட்டுவது. கோவேக்சின், ஐதராபாத்தின் பாரத் பயோடெக் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்துடன் சேர்ந்து செய்தது. முழுக் கிருமியையும் செயலிழக்கச் செய்து உடலுக்குள் செலுத்துவது. இரண்டையும் சாதாரணக் குளிர்பெட்டியின் 2 முதல் 8 பாகை வெப்பத்திலேயே வைக்கலாம். கோவிஷீல்டு போட்ட இரவு அப்பச்சிக்குக் காய்ச்சல் அடித்தது, பாரசிட்டமாலில் அடங்கியது. மனைவிக்குக் கை வலி மட்டுமே. நான்கு பேரின் உடம்பை வைத்து அதற்கு மேல் எதையும் முடிவு கட்டுவது சரியாகாது.

பாதுகாப்பைப் பற்றிய சர்ச்சையில் இரு தரப்புக்கும் நியாயம் இருந்தது. 2021 ஜனவரி 3 அன்று இரண்டுக்கும் அவசரகால ஒப்புதல் கிடைத்தபோது கோவேக்சினின் மூன்றாம் கட்டச் சோதனை முடிவு வந்திருக்கவில்லை. ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டுதான் முதலில் போட்டார்கள். முடிவைக் காட்டாமல் ஊசியை நீட்டுவது முறையா என்ற கேள்வி சரியான கேள்விதான். ஆனால் மார்ச் மாதத்தில் இடைக்கால முடிவு வந்தது. 25,798 பேரிடம் நடந்த அச்சோதனையின் நிறைவு முடிவு 77.8 விழுக்காடு பலன் என்று பின்னர் வெளியானபோது அந்தக் கேள்வி பெருமளவு தீர்ந்துவிட்டது.

கோவிஷீல்டின் மீதிருந்த குற்றச்சாட்டு இரத்தம் உறைதல். அஸ்ட்ராஜெனகா ஊசிக்குப் பிறகு மிக அரிதாக இப்படி நேரலாம் என்று ஐரோப்பிய மருந்து முகமை 2021 ஏப்ரல் 7 அன்றே அறிவித்திருந்தது. இந்தியாவின் குழு மே மாதத்தில் பத்து லட்சம் தவணைகளுக்கு 0.61 என்ற விகிதத்தைச் சொன்னது. இளம் வயதினரிடமே இந்த ஆபத்து கூடுதலாகக் காணப்பட்டதால் பிரிட்டனில் நாற்பது வயதுக்குக் கீழ்ப்பட்டோருக்கு வேறு ஊசியைப் பரிந்துரைத்தார்கள். எழுபதைக் கடந்த என் பெற்றோருக்கு இந்தக் கணக்கு ஐயமின்றிக் கோவிஷீல்டின் பக்கமே இருந்தது. இருபத்தைந்து வயதுப் பிள்ளை ஒருவனுக்காக முடிவு செய்ய வேண்டியிருந்தால் நானும் தயங்கியிருப்பேன். 2024-இல் லண்டன் நீதிமன்ற ஆவணத்தை வைத்து இதே செய்தி புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்டதுபோல வாட்ஸ்அப்பில் சுற்றியது. மூன்றாண்டுகளுக்கு முன்பே வெளிப்படையாகச் சொல்லப்பட்டதுதான் அது.

இவ்வளவும் சொன்ன பிறகும், என் முடிவைத் தீர்மானித்தது இவற்றில் எதுவும் இல்லை. முதல் ஊசியை எங்கு வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம். அதே ஊசியின் இரண்டாம் தவணை, குறித்த காலத்தில், நம் ஊரில் கிடைக்குமா என்பதே நான் கேட்ட ஒரே கேள்வி. நகரங்களில் இருப்போருக்கு இது சிறிய கேள்வியாகத் தோன்றலாம். பிள்ளைகள் வெளிநாட்டிலும் சென்னையிலும் இருக்க, முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு என்று நீளும் பெரிய வீட்டில் முதியவர் இருவர் மட்டும் குடியிருக்கும் எங்கள் ஊர்ப் பக்கங்களில், ஒருமுறை வண்டி பிடித்து ஊசிக்குக் கூட்டிக்கொண்டு போவதே ஒரு நாள் வேலை.

உற்பத்திக் கணக்கைப் பாருங்கள். 2021 மே மாதத்தில் மத்திய அரசு உச்ச நீதிமன்றத்தில் தெரிவித்தபடி, சீரம் நிறுவனத்தின் மாத உற்பத்தி 5 கோடியிலிருந்து 6.5 கோடித் தவணைகளாகவும், பாரத் பயோடெக்கினுடையது 90 லட்சத்திலிருந்து 2 கோடியாகவும் உயர்ந்துகொண்டிருந்தது. உயிருள்ள கொரோனாக் கிருமியை உயர் பாதுகாப்புக் கூடத்தில் வளர்த்துப் பின்னர் செயலிழக்கச் செய்ய வேண்டியிருப்பதால் கோவேக்சினின் உற்பத்தியைச் சட்டென்று பெருக்க முடியவில்லை; ஒரு தொகுதி தயாராகிச் சோதனைகள் முடிந்து வெளிவர 120 நாட்கள் ஆகும் என்று அந்நிறுவனமே சொன்னது. அதாவது பிப்ரவரியில் தொடங்கிய தொகுதி ஜூனில்தான் கைக்கு வரும். அவ்வளவு மெதுவாக வரும் சரக்குக்கு, நான்கு முதல் ஆறு வாரத்துக்குள் இரண்டாம் தவணை என்ற இறுக்கமான கெடுவும் சேர்ந்துகொண்டது.

மனைவி காரைக்குடியில் ஏப்ரல் 22 அன்று முதல் ஊசி போட்டுக்கொண்டாள். மே 20 முதல் ஜூன் 3 வரை கெடு. மே 10-இல் முழு ஊரடங்கு வந்தது. அந்த இரண்டு வாரமும் காலை ஒன்பது மணிக்கு முகாமுக்குத் தொலைபேசியில் கேட்பதும், "கோவிஷீல்டுதான் வந்திருக்கு சார், கோவேக்சின் இல்லை" என்ற பதிலைக் கேட்பதும் வாடிக்கையாயின. கடைசியில் ஊரடங்கில் மாவட்டம் தாண்டிப் போக இ-பதிவு செய்துகொண்டு, திருச்சியில் ஒரு தனியார் மருத்துவமனையில், 1,200 ரூபாய்க்கு மேல் கட்டி, ஜூன் 9 அன்று, கெடு முடிந்து ஆறு நாள் கழித்துப் போட்டுவந்தோம். சில நாள் தாமதத்தால் கெடுதல் இல்லை என்று மருத்துவர் சொன்னார். ஆனால் காரும் கைப்பேசியில் பதிவு செய்யத் தெரிந்த ஆளும் இல்லாத வீட்டில் இருந்தவர்கள் என்ன செய்திருப்பார்கள்?

அப்பச்சிக்கும் ஆத்தாவுக்கும் மார்ச் 26 அன்று எங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் முதல் தவணை. எட்டு வாரத்துக்குள் இரண்டாவது என்றிருந்ததை, மே 13 அன்று அரசு 12 முதல் 16 வாரமாக நீட்டியது. கையிருப்பு இல்லாததால் சொல்லும் சாக்கு என்று அப்போது பலரும் ஏசினார்கள், நானும் ஏசியவன்தான். ஆக்ஸ்போர்டு சோதனையிலேயே ஆறு வாரத்துக்குக் குறைந்த இடைவெளியில் 55.1 விழுக்காடாக இருந்த பலன் பன்னிரண்டு வாரத்தில் 81.3 ஆக உயர்ந்தது என்பதைப் பிறகுதான் படித்தேன். எனினும் அந்த எண்கள் டெல்டா என்ற உருமாறிய கிருமிக்கு முந்தையவை. டெல்டாவுக்கு எதிராக ஒரு தவணையின் பலன் 30 விழுக்காட்டளவே என்று தெரியவந்தது. நாம் நீட்டிய மறுநாளே பிரிட்டன் ஐம்பது வயதைக் கடந்தோருக்கு இடைவெளியை எட்டு வாரமாகக் குறைத்தது. ஆகவே, ஊசி கையில் கிடைத்திருந்தால், ஒரே மாதத்தில் இரண்டையும் முடித்துவிடும் கோவேக்சினே இரண்டாம் அலையின் நடுவில் மேலானது என்று வாதிட இடமுண்டு. கிடைத்திருந்தால் என்பதுதான் விஷயம். ஜூன் கடைசி வாரத்தில் அதே நிலையத்தில், கட்டணமில்லாமல், நடந்து போகும் தூரத்தில் பெற்றோருக்கு இரண்டாம் ஊசி முடிந்தது.

பாதுகாப்புப் பற்றிய பேச்சும் கிடைப்பது பற்றிய பேச்சும் வெவ்வேறு என்று நினைத்திருந்தேன். அப்படி இல்லை என்பதை ஏப்ரல் 19 அன்று கண்ணால் பார்த்தேன். நடிகர் விவேக் சென்னையில் கோவேக்சின் போட்டுக்கொண்ட மறுநாள் மாரடைப்புக்கு ஆளாகி ஏப்ரல் 17 அன்று மறைந்திருந்தார். ஊசிக்கும் அதற்கும் தொடர்பில்லை என்று மருத்துவர்கள் அப்போதே சொன்னார்கள், தேசிய அளவிலான குழுவும் அக்டோபரில் அதையே உறுதி செய்தது. ஆனால் அந்தத் திங்கட்கிழமை சின்னாத்தாவைக் கூட்டிக்கொண்டு போனபோது நிலையத்தில் மொத்தம் ஏழு பேர். ஒரு குப்பியில் பத்துப் பேருக்கான மருந்து; திறந்தால் நான்கு மணி நேரத்துக்குள் தீர்க்க வேண்டும்; தமிழ்நாட்டில் 12 விழுக்காடு வீணாகிறது என்று அந்த நாட்களில்தான் செய்தி வந்திருந்தது. செவிலியர் நீல ஐஸ் பெட்டியின் மூடியைத் திறக்காமல் அதன்மேல் கையை வைத்தபடி, "ஆச்சி, இன்னும் மூணு பேரு வந்துட்டா தொறந்துருவேன், செத்த இருங்க" என்றார். பன்னிரண்டரை வரை இருந்தோம். யாரும் வரவில்லை. வராதவர்கள் பயந்தது கோவேக்சினுக்கு. திரும்பிப் போனது கோவிஷீல்டுக்குக் காத்திருந்த ஏழு பேர். சின்னாத்தா அதன்பிறகு அசையவே இல்லை. செப்டம்பர் 12 அன்று மாநிலம் முழுவதும் மாபெரும் முகாம் நடந்தபோதுதான் முதல் ஊசி போட்டுக்கொண்டார்.

கடல் கடந்த உறவு இல்லாத வீடு செட்டிநாட்டில் குறைவு என்பதால் சான்றிதழையும் ஒரு வரி சொல்ல வேண்டும். உலக சுகாதார நிறுவனம் கோவிஷீல்டை 2021 பிப்ரவரி 15 அன்றே ஏற்றது. கோவேக்சின் நவம்பர் 3 வரை காத்திருந்தது. சிங்கப்பூர் இந்தியாவிலிருந்து ஊசி போட்டோருக்கான தனிப் பயண ஏற்பாட்டைத் தொடங்கியது நவம்பர் 29 அன்று. தம்பியைப் பார்க்கப் போகவேண்டும் என்றிருந்த என் மனைவியின் சான்றிதழ் இருபத்தாறு நாள் முன்னதாகத் தப்பியது.

2022 ஜனவரியில் 15 முதல் 18 வயதுப் பிள்ளைகளுக்குத் தொடங்கியபோது தேர்வுக்கே இடமில்லை, கோவேக்சின் மட்டும்தான். மகளுக்குப் பள்ளியிலேயே போட்டார்கள். பிப்ரவரி முதல் வாரத்தில், கெடு தப்பாமல், இரண்டாவதும் அதே பள்ளிக்கு வந்து சேர்ந்தது. நான் ஓராண்டாகத் தூக்கிப்பிடித்த காரணம் அன்றோடு செல்லாததாகிவிட்டது. மகள் கையைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குள் வந்ததும் மனைவி என் பக்கம் திரும்பி, "இதுக்குத் திருச்சி போகத் தேவையில்லையா?" என்று மட்டும் கேட்டாள்.