கல்லடி காசு கிளாஸ்: காலையில நல்லம், சாப்பிட்டா எழும்பி வந்திருங்க

போன மாசம் மட்டக்களப்பு கல்லடியில ஒரு ஹோல்ல நடந்த குடும்பக் காசு கிளாஸுக்கு நானும் தங்கச்சியும் போனம், ஆளுக்கு 2500 ரூபா, பகல் சாப்பாடும் அதுக்குள்ள. நடத்தினாக்கள்ற பேரு இங்க வேணாம்.

காலையில சொன்னது உண்மையாவே பிரயோசனம். 2022 கடைசியில 20 வீதத்துக்கு மேல வட்டி எண்டு எல்லாரும் எஃப்டிக்கு, அதான் நிலையான வைப்புக்கு, ஓடினமே, அந்த செப்டம்பர்ல விலைவாசி ஏறினது 70 வீதத்துக்குக் கிட்ட, அப்ப வட்டி வாங்கியும் நாம நட்டத்திலதான் நிண்டிருக்கம் எண்டு கிளாஸ் எடுத்த சேர் போர்டுல கணக்குப் போட்டுக் காட்டினவர். மறுகா, வங்கியோ ஃபினான்ஸ் கம்பெனியோ விழுந்தா டெபொசிட் இன்சூரன்ஸ் ஒரு ஆளுக்கு ஒரு இடத்தில 11 லட்சம் வரைக்கும்தானாம். எங்கட அம்மாட காசு 16 லட்சம் ஒரே இடத்தில கிடக்கு. தங்கச்சி என்னைத் திரும்பிப் பார்த்தா, நான் போர்டப் பார்த்தன்.

பிறகு வந்திச்சு 50-30-20. சம்பளத்தில பாதி செலவுக்கு, 30 ஆசைக்கு, 20 சேமிப்புக்கு. அக்கரைப்பற்றுப் பக்கத்து அக்கா ஒராள் எழும்பி, "சேர், எங்கட வீட்டுல வெள்ளாமை வெட்டினாத்தான் சல்லி, வருசத்தில ரெண்டு தரம், நான் மாசம் மாசம் எதில 50 எடுக்குற?" எண்டு கேட்டா. சேர் ஸ்லைட்ட முன்னுக்கும் பின்னுக்கும் தள்ளிப் பார்த்தவர், அதில பதில் இல்ல. பின்னால இருந்த ஒரு அம்மாதான் சொன்னா: வெள்ளாமைக் காசு வந்த உடன அடுத்த போகத்து உழவு, விதை, பசளைக்கு எடுத்து வெச்சிட்டு, கடைக்கடனையும் குடுத்திட்டு, மிச்சத்த ஒரு வங்கிப் புத்தகத்தில போடுறவாம், அதில இருந்து மாசம் ஒரே தொகை மத்தப் புத்தகத்துக்கு மாறுற மாதிரி வங்கியில ஸ்டாண்டிங் ஓடர் போட்டிரிக்கா, அந்த ரெண்டாவது புத்தகத்துக் காசிலதான் சமையல், பிள்ளைகள்ற டியூஷன் எல்லாம். என்ட 2500 இதுக்கே சரி.

பிறகு சேர் சொன்னார், வீடு முதலீடே இல்லையாம், வாடகைக்கு இருந்து காசப் பங்குச் சந்தையில போடட்டாம். மட்டக்களப்பில வந்து சொல்ற கதையா இது? பொம்புளப் புள்ள பிறந்த நாள்ல இருந்து சீதன வீட்டுக்குக் கல்லு அடுக்கிற ஊர் இது, எனக்கு ரெண்டு பொம்புளப் புள்ள, அந்த ரெண்டு வீட்டையும் எடுக்காத பட்ஜெட்ட நான் என்ன செய்ற. சீதனம் சரியா பிழையா எண்டது வேற கதை, அத முடிவெடுக்கும் வரைக்கும் சீமெந்து விலை காத்திரிக்கப் போறல்ல.

சாப்பாடு பரவாயில்ல, கோழிக்கறி நல்லம், சோறு பத்தல்ல. சாப்பிட்டு வந்தா வேற ஒராள் கோட்டு போட்டு நிக்கிறார், கையில இன்சூரன்ஸ் ஃபோம். 15 வருசத் திட்டமாம். மூணு வருசத்தில கட்ட ஏலாமப் போனா எவ்வளவு திரும்பி வரும் எண்டு கேட்டன், "அத தனிய கதைப்பம் மிஸ்" எண்டார். தனியக் கதைக்கிற விசயத்துக்கு ஏன் ஹோல் எடுத்தாங்களோ தெரியா. ஃபோம் நிரப்பினாக்களுக்கு சர்டிபிகேட் முதல்ல, எங்களுக்கு நாலரைக்கு.

5க்கு 3 போடுறன், அந்த மூணும் காலைக்கு. திங்கக்கிழமை அம்மாவக் கூட்டிட்டுப் போய்க் காசப் பிரிச்சுப் போடலாமெண்டு கேட்டம், எஃப்டி முடிய இன்னும் நாலு மாசம் இரிக்காம், இடையில உடைச்சா வட்டி வெட்டு. அம்மா புத்தகத்த வாங்கி சேலைத் தலைப்பில சுத்திட்டு, "நாலு மாசத்துக்கு விழாதுகா" எண்டா.