தண்ணீர்மலைத் தாவரவியல் பூங்கா: காலை ஜெப நடைக்கு ஏற்ற இடம்

1884இல் அமைந்த இந்தப் பினாங்குப் பூங்காவில் நுழைவுக் கட்டணம் இல்லை. ஜெப நடைக்குக் காலை ஏழு மணிக்கே வந்துவிடுங்கள். பத்துக்கு மேல் வெயிலும் கூட்டமும் மனதைக் கலைத்துவிடும்.

முதலில் ஓடைப் பக்கம் உட்கார்ந்து 104ஆம் சங்கீதத்தில் 10 முதல் 24 வரையான வசனங்களை மெதுவாக வாசியுங்கள். மலைகளின் நடுவே ஊற்றுநீர் ஓடுவதைப் பாடும் வசனத்துக்கு அங்கேயே தண்ணீர்ச் சத்தம் துணைநிற்கும்.

பிறகு நாகலிங்க மரம். பூ கிளை நுனியில் அல்ல, அடிமரத்திலேயே பூக்கும். ஆறு இதழ், நடுவில் குடைபோல் வளைந்த மகரந்தக் கற்றை. வாசனை அதிகாலையில்தான் தூக்கல். ஒரே நாளில் உதிர்ந்துவிடும். ஒரு நாள் பூவுக்கே சிருஷ்டிகர் இத்தனை நுணுக்கம் வைத்திருக்கிறார்! உதிர்ந்த ஒன்றைக் கையில் எடுத்து, பத்து நிமிடம் பேசாமல் பாருங்கள். மரத்தடியில் மட்டும் உட்காராதீர்கள், காய் பீரங்கிக் குண்டு கனம்.

குரங்குகள் பிளாஸ்டிக் பையைக் கண்டால் பறிக்கும்; பலகாரத்தைக் காரிலேயே வைத்துவிடுங்கள். ஆறேழு பேருக்கு மேல் போனால் பேச்சுச் சத்தத்தில் பறவைகள் விலகிவிடும். மழை பெய்த மறுநாள் ஓடைக்கல் வழுக்கும், ஆனால் பசுமை அன்றைக்குத்தான் உச்சம்.