மைக் செட்டில் மிக்ஸ்: அடுத்த பாட்டு எது?

மன்னார்குடிப் பக்கம் மைக் செட் தொழிலில் இருப்பவர்களில் பலர் இப்போது போர்டில் ‘டிஜே’ என்றும் சேர்த்து எழுதிக்கொள்கிறோம். என் போர்டிலும் இருக்கிறது. அதற்காகப் பழைய லேப்டாப்பில் நான் ஓட்டுவது, ஒரு பாட்டோடு அடுத்த பாட்டை இணைத்துப் போட உதவும் மிக்ஸ் என்கிற மென்பொருள். ஆங்கிலத்தில் தேடுபவர்கள் கடைசி எக்ஸை மூன்று தடவை அடிக்க வேண்டும், இல்லாவிட்டால் இட்லி மிக்ஸ்தான் வரும். முழுக்க இலவசம், திறமூல மென்பொருள். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். ஓட்டுவதற்கு நெட் வேண்டாம். வலங்கைமான் தாண்டிக் கிராமத்துக்குள் போய்ப் பந்தல் போட்டால் இதன் அருமை தெரியும்.

பாட்டுகளை ஏற்றியதும் ஒவ்வொன்றின் வேகத்தையும் (பிபிஎம், அதாவது நிமிடத்துக்கு எத்தனை அடி), சுருதியையும் அதுவே கணித்துப் பட்டியலில் போட்டுவிடும். தேடும் கட்டத்தில் 120-130 என்று பிபிஎம் வரம்பு கொடுத்தால் அந்த வேகத்துப் பாட்டுகள் மட்டும் வந்து நிற்கும். சுருதிக்கும் ஒரு கணக்கு உண்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு எண்ணும் எழுத்தும். 8ஏ என்றால் ஏ மைனர். அது ஓடும்போது 7ஏ, 9ஏ, 8பி மூன்றும் அதோடு ஒட்டும்.

இந்தச் சுருதிப் பொருத்தம் ஆட்டக்காரப் பசங்களுக்குத் தேவையே இல்லை. குத்துப் பாட்டின் முடிவில் வெறும் அடி மட்டும் ஓடும்போது எதைக் கொண்டுவந்து சேர்த்தாலும் சேரும். ஆனால் ரிசப்ஷனில் மெலடி மேல் மெலடியை ஏற்றும்போது சுருதி இடித்தால் காது கூசும். நம்ம ஊரில் முன்வரிசையில் நாயனக்காரர் ஒருத்தர் உட்கார்ந்திருப்பார், அவர் முகத்தைப் பார்த்தாலே போதும்.

எச்சரிக்கையாக இருக்க வேண்டிய இடம் பிபிஎம். இந்த மாதிரி மென்பொருள் எதுவானாலும் நாலு நாலாக எண்ணிப் பழகியது. நம் டப்பாங்குத்தில் பாதிக்கு மேல் திஸ்ரம், ஒரு அடிக்குள் மூன்று. கால் 100-ல் ஆடும் பாட்டை இது 150 என்று காட்ட வாய்ப்புண்டு. அந்த எண்ணை நம்பி 150-ல் ஓடும் இன்னொரு பாட்டைப் பக்கத்தில் வைத்தால் ஆடுகிறவன் கால் எங்கே வைப்பான்? இதற்கு உள்ளேயே வழி இருக்கிறது: பாட்டின் மேல் வலது சொடுக்கு, பிபிஎம் திருத்தம், மூன்றில் இரண்டு பங்கு. பிறகு பூட்டிவிட வேண்டும், மறுபடி கணித்து மாற்றாது. ஒவ்வொரு குத்துப் பாட்டையும் தொடையில் தட்டிப் பார்த்துத்தான் பூட்டியிருக்கிறேன். பொறுமை தின்கிற வேலை. எண்பதுகளின் பாட்டுகளுக்கு வேறு சிக்கல். ஆட்கள் கூடி உட்கார்ந்து வாசித்தவை, நடை லேசாக ஏறி இறங்கும். அமைப்புகளில் ‘வேகம் மாறாது’ என்று வைத்துக்கொள்ளும் டிக்கை எடுத்துவிட்டு அவற்றை மட்டும் மறுபடி கணிக்க விடுங்கள்.

ஆட்டோ டிஜே என்று ஒன்று உண்டு. பந்தி நடக்கும் நேரத்துக்குச் சரி, நானும் போய் ஒரு வாய் சாப்பிட்டு வரலாம். அதற்கு மேல் அதை நம்பாதீர்கள், மேடைக்கு முன்னால் யார் நிற்கிறார்கள் என்று அதற்குத் தெரியாது. சிங்கப்பூரிலிருந்து வந்த அத்தை மகன் கூட்டம் நடுவில் வந்தால் ஒரு பாட்டு, பெரியப்பா வேட்டியை மடித்துக் கட்டினால் வேறு பாட்டு.

எனக்கு மிகவும் பயன்படுவது க்ரேட், அதாவது பாட்டுகளைப் பிரித்துப் போடும் பெட்டி. பந்தி, பெருசுங்க, பசங்க, பத்து மணி என்று நான்கு வைத்திருக்கிறேன். இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கி கூடாது என்பது 2000-ம் ஆண்டு விதி. ஒன்பதரைக்கு மேல் கூட்டம் சூடேறும், அப்போது தேடிக்கொண்டிருக்க நேரமில்லை. கடைசி அரை மணிக்கானவை முன்கூட்டியே அந்தப் பெட்டியில் இருக்கும். போட்ட பாட்டுகளைக் குறித்து வைக்கும் வரலாறும் உண்டு. “அண்ணே, அதை இன்னும் போடவே இல்லண்ணே” என்று வந்து நிற்பவனிடம் திரையைக் காட்டிவிடலாம்.

அடுத்த பாட்டை ஹெட்போனில் முன்கூட்டிக் கேட்க ஒலிக்குத் தனியாக இரண்டாவது வெளியீடு வேண்டும். லேப்டாப்பில் இல்லையென்றால் யூஎஸ்பி சவுண்ட் கார்டு வாங்குங்கள். ஸ்ட்ரீமிங் சேவைகளோடு இது இணையாது, பாட்டு உங்கள் ஹார்ட் டிஸ்கில் இருந்தால்தான் உண்டு. மாப்பிள்ளைத் தோழன் நேற்று வந்த பாட்டைப் போனில் காட்டி நச்சரித்தால், அந்தப் போனையே மைக் செட்டின் மிக்ஸர் பெட்டியில் சொருகிவிடுகிறேன்.