கரைந்ததை மீட்க: வற்றக் காய்ச்சுவதா, படிகமாக்குவதா?

மயில்துத்தம் எனும் நீலநிறக் காப்பர் சல்பேட்டை அதன் கரைசலிலிருந்து மீட்டெடுக்கும் செய்முறையை ஒன்பதாம் வகுப்பு மாணவர்களுக்குப் பல ஆண்டுகள் வற்றக் காய்ச்சியே காட்டி வந்த நான், இப்போது படிகமாக்கலுக்கு மாறிவிட்டேன். வடிகட்டும் பேச்சுக்கே இங்கு இடமில்லை. கரைந்த பொருள் வடிதாளின் வழியே நீரோடு இறங்கிவிடும். காய்ச்சி வடித்தல், நீரும் வேண்டும் என்பவர்களுக்கானது. அதை நான் ஓரிரு முறைக்கு மேல் செய்ததில்லை என்பதால் அதற்குள் நுழையவில்லை.

வற்றக் காய்ச்சுவதற்குப் பீங்கான் கிண்ணமும் விளக்கும் போதும். ஒரு பாடவேளைக்குள் முடிந்துவிடும். சிக்கலெல்லாம் கடைசிச் சொட்டில்தான். நீர் குறையக் குறையக் கரைசல் தெறிக்கத் தொடங்கும். தீயைத் தணிக்கச் சற்றே தாமதித்தாலும் கிண்ணத்தின் ஓரத்தில் நீலம் வெளுத்துப்போகும். மயில்துத்தப் படிகத்தில் ஒரு காப்பர் சல்பேட்டுக்கு 5 நீர் மூலக்கூறுகள் வீதம் பிணைந்திருக்கின்றன. அவற்றையும் சேர்த்து விரட்டிவிட்டோம் என்பதே அந்த வெளுப்பின் பொருள். நீலத்தையாவது ஒரு சொட்டு நீர் விட்டு மீட்டுவிடலாம்; கரைசலில் கலந்திருந்த வேற்று உப்புகளோ போக்கிடமின்றிக் கிண்ணத்திலேயே ஒட்டிக்கொள்கின்றன. என்னை மாற வைத்தது இதுதான்.

படிகமாக்கலில் அந்தக் கடைசி நீரை நாம் தொடுவதே இல்லை. கரைசலைச் சுண்டவிட்டு, கண்ணாடிக் குச்சியைத் தோய்த்தெடுத்து, ஆறிய நுனியில் படிகம் அரும்புகிறதா என்று பார்த்து, அரும்பியதும் விளக்கை அணைத்து, மறுநாள் வரை அசைக்காமல் வைத்தால், அடியில் சாய்ந்த விளிம்புகளோடு நீலப் படிகங்கள் நிற்கும். வேற்று உப்புகளில் பெரும்பகுதி படிகங்களுக்கு மேல் மிஞ்சி நிற்கும் தாய்க்கரைசலிலேயே தங்கிவிடும். இதற்கு விலையும் உண்டு: அறை வெப்பநிலையில் 100 கிராம் நீர், 20 கிராமுக்கும் மேற்பட்ட மயில்துத்தத்தைத் தன்னிடமே வைத்துக்கொள்ளும். அந்தத் தாய்க்கரைசலை அடுத்த வகுப்புக்கு எடுத்து வைக்கிறேன். ஆனால் ஒவ்வொரு முறையும் அதில் அழுக்கு கூடிக்கொண்டே போகும்.

சாப்பாட்டு உப்புக்கு மட்டும் என் பரிந்துரை செல்லாது. அது 100 கிராம் நீரில் 20 டிகிரி செல்சியசில் ஏறத்தாழ 36 கிராமும், 100 டிகிரியில் 39 கிராமுமே கரைவதால், ஆறவைத்துப் பிரிப்பது 3 கிராமுக்காக ஒரு நாள் காத்திருப்பதாகும். அங்கே நீரை ஆவியாக்கத்தான் வேண்டும். எனினும் தூத்துக்குடி உப்பளங்களில்கூடப் பாத்தியை முழுவதும் வற்றவிடுவதில்லை; உப்பு படிந்தபின், மக்னீசிய உப்புகள் செறிந்த கசப்பு நீரை வெளியேற்றிவிடுகிறார்கள்.