மலையோடையா, வைகையா: மதுரையில் நீரோடைச் சூழலியல் ஆய்வுக்கு வருவோருக்கு

விலங்கியலிலோ சுற்றுச்சூழல் அறிவியலிலோ முதுநிலை முடித்து, மதுரை வட்டாரத்திலேயே முனைவர் பட்ட ஆய்வில் சேர நினைப்பவருக்கு நீரோடைச் சூழலியலில் இரண்டு பாதைகள் உள்ளன. சிறுமலை, அழகர்மலை, மேகமலை, பழனிமலை ஆகியவற்றின் சிற்றோடைகளில் வாழும் நீர்ப்பூச்சிகளை ஆராய்வது ஒன்று. வைகையின் சமவெளிப் பகுதியில், குறிப்பாக அது மதுரை நகரைக் கடக்கும் இடத்தில், நீரின் தரத்தையும் அங்கே எஞ்சியிருக்கும் உயிர்களையும் ஆராய்வது மற்றொன்று. எந்த ஆய்வகத்துக்குப் பெயர் அதிகம் என்பதைவிட, எந்த நீரில் ஐந்தாண்டு இறங்கி நிற்கப் போகிறோம் என்பதே இங்கு முக்கியம்.

மலையோடைப் பாதைக்கு இவ்வூரில் வேர் உண்டு. மதுரைக் கல்லூரியின் விலங்கியல் துறையில் பேராசிரியர் கே.ஜி. சிவராமகிருஷ்ணன் வளர்த்தெடுத்த மேஃப்ளை (இளம் பருவத்தை நீருக்குள் கழிக்கும் சிறு பூச்சி) ஆய்வு, தென்னிந்திய நீர்ப்பூச்சி ஆய்வுக்கே அடித்தளங்களுள் ஒன்று. இவ்வழியில் வருபவர் முதலில் கற்பது கைத்தொழில். பாறைகளுக்கிடையே நீர் சலசலத்து ஓடும் ஆழமற்ற இடத்தில் சர்பர் வலையை (சதுரச் சட்டம் பொருத்திய மாதிரி வலை) பதித்து, அதன் சட்டத்துக்குள் கிடக்கும் கற்களைத் தேய்த்துக் கழுவி, வலையில் சேரும் இளம் பூச்சிகளை ஆல்கஹாலில் இட்டு, நுண்ணோக்கியின் கீழ் குடும்பம், பேரினம் என்று பிரித்தறியப் பழக வேண்டும். செவுள்களின் அமைப்பும் வால் இழைகளின் எண்ணிக்கையும் கண்ணுக்குப் பழகிவிட்டால், அந்தத் திறன் வாழ்நாள் முழுவதும் உடன் வரும். இதில் உண்மையான சிக்கல் வேறு: பல இனங்களில் நீருக்குள் வாழும் இளம் பருவமும் பறக்கும் முதிர் பருவமும் ஒன்றே என்று இணைத்துக் காட்டப்படாததால், இனம்வரை பெயர் சொல்ல வேண்டுமானால் பூச்சியை வளர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

அனுமதி அதைவிடப் பெரிய தடை. மேகமலை, 2021இல் அறிவிக்கப்பட்ட திருவில்லிபுத்தூர்–மேகமலைப் புலிகள் காப்பகத்துக்குள் அடங்குகிறது. அங்கே ஒரு புழுவை எடுக்கவும் வனத்துறையின் எழுத்துபூர்வ அனுமதி வேண்டும். அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழையே இவ்வட்டார ஓடைகள் பலவற்றை நிரப்புவதால், அனுமதிக் கடிதம் ஜனவரியில் கைக்கு வந்தால் மாணவர் இழப்பது மூன்று மாதத்தை அன்று, ஓர் ஆண்டின் தரவை.

வைகைக்கு இந்தத் தடை பெரும்பாலும் இல்லை; பேருந்தில் சென்று மாதிரி எடுத்து, அன்று மாலையே ஆய்வகத்தில் வைத்துவிடலாம். ஆனால் அறிவியல் கடினமானது. வருசநாட்டு மலையில் பிறந்து ஏறத்தாழ 258 கிலோமீட்டர் ஓடும் இவ்வாற்றில், 1895 முதல் முல்லைப் பெரியாற்று நீரும் வந்து சேர்கிறது. 1959 முதல் வைகை அணையின் திறப்பு நாள்கள் ஓட்டத்தைத் தீர்மானிக்கின்றன. நகருக்குள் ஓடுவதில் கழிவுநீரும் கணிசம். ஊற்று முதல் கழிமுகம் வரை ஆறு படிப்படியாக மாறுகிறது என்று 1980இல் முன்வைக்கப்பட்ட ஆற்றுத் தொடர்ச்சிக் கருத்தாக்கத்தை, ஆண்டின் பெரும்பகுதி வறண்டு கிடக்கும் இப்படிப்பட்ட ஆற்றில் அப்படியே பொருத்திப் பார்க்க இயலாது.

கருவிகளும் மாறும். மணலிலும் சேற்றிலும் சர்பர் வலை பயன்படாது. அடிச்சேற்றை அள்ளும் கருவி வேண்டும். கிடைப்பவற்றுள் பெரும்பங்கு மண்புழுவின் நீர்வாழ் உறவுகளும் கொசுவை ஒத்த சிறு ஈக்களின் சிவந்த இளம் பருவமான இரத்தப் புழுக்களுமே. இரத்தப் புழுவின் உடலில் ஹீமோகுளோபின் இருப்பதால், உயிர்வளி குறைந்த சேற்றிலும் அது பிழைத்துக்கொள்கிறது. அதைப் பேரினம்வரை அடையாளம் காணத் தலையைத் தனியே எடுத்துக் கண்ணாடித் தகட்டில் ஏற்றி, வாயுறுப்பின் பற்களைக் கவனிக்க வேண்டும். மேஃப்ளையை அறிவதைவிட இது பொறுமையைச் சோதிக்கும் வேலை. பிரித்தானியாவில் உருவான பி.எம்.டபிள்யூ.பி. என்ற, வாழும் உயிர்களைக் கொண்டு நீரின் தூய்மையை அளக்கும் மதிப்பெண் முறையில் தூய ஓடையின் மேஃப்ளைகளான ஹெப்டஜெனிடே குடும்பத்துக்குப் பத்தும் இரத்தப் புழுவின் குடும்பத்துக்கு இரண்டும் தரப்படுகின்றன; நகரப் பகுதியில் அக்கணக்கைப் போட்டு, ஆறு மாசடைந்துள்ளது என்று முடிக்கும் ஆய்வேட்டில் எனக்கு ஆர்வமில்லை. ஆறு வறண்டபின் அவ்வுயிர்கள் எங்கே போகின்றன, மணலுக்கு அடியிலுள்ள ஈரத்தில் எவை எத்தனை நாள் தாங்குகின்றன, மணல் அள்ளப்பட்ட இடங்களில் அந்தப் புகலிடம் என்னவாகிறது என்ற கேள்விகளுக்காகவே நான் வைகையைப் பரிந்துரைப்பேன்.

உதவித்தொகையில் இரண்டுக்கும் வேறுபாடில்லை. நெட் எனும் தேசியத் தகுதித் தேர்வில் ஜே.ஆர்.எஃப். என்ற இளநிலை ஆய்வு உதவித்தொகை பெற்றவருக்கு 2023 ஜனவரி முதல் மாதம் 37,000 ரூபாயும், இரண்டாண்டுக்குப் பின் 42,000 ரூபாயும் என நிர்ணயிக்கப்பட்டன. திட்டப்பணி வழியாகச் சேர்பவருக்குத் திட்டம் முடிந்தால் ஊதியமும் முடியும். நெறியாளரின் நிலையையும் கேட்டறிய வேண்டும்: பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022 விதிமுறைகளின்படி ஒரே நேரத்தில் பேராசிரியர் எட்டு பேரையும், இணைப் பேராசிரியர் ஆறு பேரையும், உதவிப் பேராசிரியர் நான்கு பேரையுமே வழிநடத்தலாம், ஓய்வுபெற மூன்றாண்டுக்கும் குறைவாக உள்ளவர் புதியவரைச் சேர்க்க முடியாது.

சேரும் முன் ஆய்வகத்தின் பழைய மாதிரிக் குப்பிகளைப் பார்க்கக் கேளுங்கள். இடம், நாள், எடுத்தவர் பெயர் ஆகியவை குப்பிக்குள் பென்சிலில் எழுதிய சீட்டில் இருந்தால், அங்கே பயிற்சி ஒழுங்காக நடக்கிறது என்று நம்பலாம். நெறியாளர் இசைந்தால், முதல் ஆண்டு அழகர்மலை ஓடைகளில் பூச்சிகளை அறியப் பழகி, ஆய்வேட்டை வைகையில் அமைத்துக்கொள்வதே என் தேர்வு. மலைக்கே செல்ல முடிவெடுத்தவர், முந்தைய ஆண்டிலேயே அனுமதி விண்ணப்பத்தைக் கொடுத்துவிட வேண்டும். வைகையைத் தேர்ந்தவர் எம்மாதத்திலும் தொடங்கலாம், ஆனால் ஏப்ரல், மே மாதங்களின் வறண்ட மணலையும் முதல் ஆண்டிலேயே தோண்டிப் பார்த்துவிட வேண்டும்.